விடுதியில் கீழ்க் கட்டில்

1912ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் ஏற்படுத்திய இளைஞர் விடுதி மாணவர்களின் நடைப் பிரயாணத்தை உத்தேசித்தே தோன்றியதாயினும், அந்த மார்க்கத்தில் இன்று ஐரோப்பாவெங்கும் நடைபெறும் மலிவு விடுதிகளுள் பல, அறுபதைக் கடந்தவர்களையும் மனமுவந்து ஏற்றுக்கொள்கின்றன. வயது வரம்பு விதிக்கும் விடுதிகளும் சில உண்டாகையால், பணம் கட்டுமுன் நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள்.

பிரதான விஷயம் கட்டில். பொது அறைகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டடுக்குக் கட்டில்கள். இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டிய வயதில், இருட்டில் ஏணிப்படியைக் காலால் துழாவி இறங்குவது அபாயம். முன்பதிவுப் படிவத்தில் கீழ்க் கட்டில் வேண்டுமென்று எழுதியதோடு காரியம் முடிந்ததாக நம்பிச் சென்று, மேல்தட்டைக் கண்டு திகைத்து நின்ற பெரியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறிப்பு வேண்டுகோளேயன்றி உத்தரவாதமன்று. ஆகவே, விடுதிக்கே தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வயதையும் முழங்கால் வலியையும் ஒளிக்காமல் தெரிவித்து, எழுத்து மூலமாகப் பதில் பெற்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு, அறை கொடுக்கத் தொடங்கும் நேரத்துக்கே போய் நிற்க வேண்டும். அநேக இடங்களில் அது பிற்பகல் மூன்று மணி சுமார். கட்டிலுக்கு எண் குறித்துக் கொடுக்கும் விடுதியானால், சாவி வாங்குமுன் அது கீழ்த்தட்டுத்தானா என்று கேளுங்கள். முந்தியவருக்கே இடமென்ற விடுதியானால், முதலில் கீழ்த்தட்டில் விரிப்பை விரித்துவிட்டு, அப்புறம் முகம் கழுவுங்கள். எல்லாம் தவறினாலும், கீழே இடம் பிடித்திருக்கும் வாலிபரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம். மறுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

உறங்கும் பையைப் பல விடுதிகள் மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி அனுமதிப்பதில்லை. அவர்கள் தரும் விரிப்பே போதும். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு அவசியம்.

இரவு பத்து மணிக்குள் மாத்திரை, தண்ணீர், சிறிய டார்ச் விளக்கு, செருப்பு ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் கிரமமாக வைத்துவிடுங்கள். துணிமணிகளைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டவே கூடாது. விடியற்காலையில் அந்தச் சலசலப்பு அறை முழுவதையும் எழுப்பிவிடும். துணிப்பைதான் சரி. பலமாகக் குறட்டை விடுபவர் சற்று அதிகம் கொடுத்தாவது தனியறை எடுத்துக்கொள்வதே நியாயம்.

பொதுச் சமையலறையில் வைக்கும் உணவின்மேல் பெயரையும் புறப்படும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சமையலை மாலை ஆறு மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். ஊர் சுற்றிவிட்டு இளைஞர் கூட்டம் திரும்பிய பின் அடுப்பு கிடைப்பது துர்லபம்.