செல்ஃப் எடுக்கவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

பாலாற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிகள் பல செவிலிமேடு பாலத்தைத் தாண்டி வருகின்றன. 2005-இல் டாடா ஏஸ், அதாவது நம்ம 'குட்டி யானை' வந்த பிறகு சிறு உழவர்களும் தரகரை எதிர்பார்க்காமல் தங்கள் விளைச்சலைத் தாங்களே கொண்டு போக முடிந்தது. நேரடியாக விற்கிற இயற்கை உழவருக்கு வண்டிதான் பாதிச் சந்தை. விடியற்காலை 4 மணிக்கு அது கிளம்பவில்லை என்றால் அன்றைய கீரை மாட்டுக்குத்தான்.

அந்த அவசரத்தில்தான் பணம் வீணாகிறது. "பேட்டரி போச்சு", "செல்ஃப் மோட்டார் போச்சு" என்று யாராவது சொன்னதும் புதிது வாங்கிப் போடுகிறோம். இலை மஞ்சளானால் நாம் உடனே மருந்துக்கடைக்கு ஓடுகிறோமா? ஈரத்தைப் பார்க்கிறோம், வேரைப் பார்க்கிறோம். வண்டிக்கும் அதே பாடம்தான்.

சத்தம் சொல்லும் சேதி

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

* 'டக டக டக' என்று அடித்து, லைட்டும் மங்கினால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பில்லை.
* 'டக்' என்று ஒரே சத்தம், லைட் மங்காமல் எரிந்தால்: செல்ஃப் மோட்டாரையோ அதன் சொலினாய்டையோ சந்தேகப்படலாம்.
* சத்தமே இல்லை, லைட் மட்டும் நன்றாக எரிந்தால்: ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச். சில வண்டிகளில் கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். அந்த சுவிட்ச்சையும் பாருங்கள்.
* லைட்டே எரியவில்லை என்றால்: பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும், அல்லது மெயின் கேபிள் கழன்றிருக்கும்.

காசில்லாத வைத்தியம் முதலில்

டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுவே நோய். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பழைய பிரஷால் தேயுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடிக்குள் இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்து எர்த் கேபிள். பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் போகும் இந்தப் பட்டையை யாரும் கவனிப்பதில்லை. சேறும் துருவும் பிடித்தால் நல்ல பேட்டரிகூடச் செத்த மாதிரி நடிக்கும். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகையில் நெல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு இது சகஜம்.

மல்டிமீட்டர் ஒன்று இருக்கட்டும்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது சார்ஜ் போதவில்லை. சார்ஜ் போட்ட பிறகும் அப்படியே இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையை மைனஸ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளில்தான் கோளாறு. மோட்டாரைக் கழற்ற வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். இதை விட்டுவிட்டுப் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

அவசரத்துக்கு

'டக்' என்று நின்றுபோகும் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னால் சில சமயம் எடுக்கும். கார்பன் தேய்ந்ததற்கு அது அடையாளம். அன்றைக்குச் சந்தைக்குப் போய்வரலாம். மறுநாள் பட்டறையில் காட்டிவிடுங்கள். கார்பன் மட்டும் மாற்றினாலே போதுமா என்று கேளுங்கள்.

வேறு வண்டியிலிருந்து கேபிள் போடும்போது பிளஸுக்குப் பிளஸ். நல்ல பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் ஒயரை நம் எஞ்சினின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே கூடாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய டீசல் வண்டிக்குச் சரி. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் பேட்டரி முழுசாக இறங்கியிருந்தால் தள்ளியும் பலனில்லை.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால்

அது வேறு நோய். பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டீசல் இருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கை பம்ப் உள்ள வண்டியில் அது கெட்டியாகும்வரை அடித்து ஏர் எடுக்கலாம். மார்கழிக் குளிரில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம்: டெர்மினல், எர்த், பெல்ட், பேட்டரித் தண்ணீர். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக மட்டும் இருக்கட்டும். மாட்டுத் தொழுவத்தைத் தினம் எட்டிப்பார்க்கிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.