புத்தியும் ஒழுங்கும்

கேள்வி: கணக்கை மனத்திலேயே போடும் என் மகன், நோட்டைத் தொலைக்கிறான், வீட்டுப் பாடத்தை மறக்கிறான், பரீட்சையில் தவறுகிறான். என்ன செய்வது?
— ஒரு தாய், கொட்டாம்பட்டி

பதில்: சகோதரி, கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907-இல் எஃப்.ஏ. என்னும் கல்லூரிப் பரீட்சையில் தேறாத கணித மேதை ராமானுஜனுக்கு, பட்டமில்லாத அந்நிலையிலும், 1913-இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் அளித்து ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அத்தகைய சந்தர்ப்பம் வாய்ப்பதில்லையாதலால், ஏசாமல், இரவுதோறும் அருகிருந்து அவன் கையாலேயே புத்தகப் பையை அடுக்கச் செய்யுங்கள். இந்தச் சிறு அப்பியாசத்தையே நான் பெரிதும் நம்புகிறேன். வாசிப்பும் எழுத்தும் தடுமாறினால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டுங்கள். கற்றல் குறைபாடு உறுதியானால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு.