தேடி வரமாட்டார்கள், நாம்தான் போய் நிற்கவேண்டும்

செகிஞ்சானுக்கு வருகிறவர்கள் வயலைப் படம் பிடிப்பார்கள், மீன் சாப்பிடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். ஓடுகிற பிள்ளையைத் தேடி இந்தப் பக்கம் வந்த பயிற்றுநர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை, தோட்டப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்துவருகிறேன். விளையாட்டை வைத்து மேலே படிக்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது: காலைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் காகிதம் பள்ளிப் போட்டிகளில்தான் கிடைக்கும்: மாவட்டப் போட்டி, அதற்கு மேல் மாநிலப் போட்டி, அதற்கும் மேல் தேசிய அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். 12, 15, 18 வயதுக்குக் கீழ் என்று பிரிப்பார்கள். இந்தப் பிரிவில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்றாம் படிவத்தில் படிக்கிறவன் 15 வயதுப் பிரிவில் மூத்தவன். நாலாம் படிவத்துக்குப் போனதும் 18 வயதுக்காரர்களுக்கு நடுவே சின்னப் பையனாகிவிடுவான். ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு வந்து கழுத்தைப் பிடிக்கும். அதனால் மாநில அளவிலான முதல் சிஜிலை, அதாவது சான்றிதழை, மூன்றாம் படிவத்திலேயே வாங்கிவிடப் பாருங்கள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்ன குடும்பங்களில் பல, அந்த அடுத்த வருஷத்தைப் பார்க்கவேயில்லை.

சிஜில் கைக்கு வந்ததும் பெயரைப் பாருங்கள். அடையாள அட்டையில் அப்பா பெயரோடு நீளமாக இருக்கும். சிஜிலில் பாதிப் பெயர்தான் இருக்கும், அதுவும் வேறு எழுத்தில். அன்றே திருத்தச் சொன்னால் அரைமணி நேர வேலை. பல்கலைக்கழக விண்ணப்பம் போடும்போது ஓடினால், போட்டி நடத்திய குழுவே மாறியிருக்கும். நகல் எடுத்துத் தலைமையாசிரியரிடம் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். அசலை வீட்டில் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

சிறு வயதிலேயே திறமை தெரிந்துவிட்டால் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இல் தொடங்கியது. ஆறாம் ஆண்டு முடிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் முதலாம் படிவத்துக்கு முயலலாம். ஆனால் விடுதியில் தங்கவேண்டும். "பொம்பளப் பிள்ளைய எப்படி சார் தனியா விடறது?" என்று கேட்காத அம்மா இல்லை. நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்வதில்லை. ஏற்கெனவே மகளை அனுப்பிய இன்னொரு அம்மாவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

விளையாட்டுப் பள்ளிக்குப் போகாதவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை மூலம் போகும்போது, தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். வாசலில் நிற்கும் இருவரில் ஒருவரை உள்ளே விடுவது அதுதான். ஆனால் தொண்ணூறு இல்லாமல் பத்து மட்டும் போய்ச் சேராது என்பதைப் பிள்ளைகள் கேட்க விரும்புவதில்லை. நம் பக்கத்துக்கு அருகிலேயே, தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விளையாட்டு அறிவியலும் பயிற்றுநர் படிப்பும் உண்டு. யுஐடிஎம் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. அதை எண்ணி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படிப்பும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு டாக்டர் ஜெகதீசனைச் சொல்வேன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார்; அந்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவர் மருத்துவரும்கூட.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்கள் சுங்கை பட்டாணியின் சிவசங்கரியைப் பார்க்கலாம். ஸ்குவாஷ் ஆடி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 2022இல் கார் விபத்தில் படுகாயமடைந்தும், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். ஒன்றைக் கவனியுங்கள்: கார்னெல் இருக்கும் ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் தருவதில்லை. பயிற்றுநரின் பரிந்துரை சேர்க்கைக்கு உதவும். பண உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உபகாரச் சம்பளம் தரலாம். மூன்றாம் பிரிவு தராது. முதல் இரண்டு பிரிவுகளில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். "ஓட்டத்தை வைத்து அமெரிக்கா அனுப்புகிறோம்" என்று முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லூரிப் பயிற்றுநருக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதினால் படித்ததும் தெரிந்துவிடும். பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் போட்டியில் எத்தனை விநாடி, எஸ்.பி.எம். எந்த ஆண்டு, காணொளிக்கான இணைப்பு. பத்து வரி போதும். காணொளிக்குப் பாட்டு வேண்டாம். கடிகாரம் தெரியட்டும், முழு ஓட்டமும் வெட்டில்லாமல் இருக்கட்டும்.

நம்மிடம் செயற்கைத் தடம் இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. இல்லைதான். பந்தாய் ரெடாங் கடற்கரை மணலில் ஓடுகிறோம், வயல் வாய்க்கால் ஓரத்தில் ஓடுகிறோம்; மணல் காலுக்கு நல்லது. ஆனால் கூர்முனைக் காலணியோடு தடத்தில் ஓடிப் பழகாத பிள்ளை மாநிலப் போட்டியில் முதல் வளைவிலேயே திணறும். போட்டிக்கு முன்னால் சில தடவையாவது ஷா ஆலம் பக்கம் உள்ள தடத்துக்கு அழைத்துப் போய் ஓடவிடுங்கள். பெட்ரோல் செலவை இரண்டு மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

உங்கள் வீட்டில் மூன்றாம் படிவத்தில் ஓடுகிற பிள்ளை இருந்தால், மாவட்டப் போட்டிக்குப் பெயர் போய்விட்டதா என்று நாளைக்கே பள்ளியில் கேளுங்கள்.