ஆழ்நீரில் குளிரும் துணிவும்

மழை ஓய்ந்த மாலைவேளையில் நீச்சல் குளத்தில் இறங்கியிருக்கிறீர்களா? தொடக்கத்தில் இதமாக இருக்கும் நீர், நேரம் செல்லச் செல்ல உடலை நடுங்க வைக்கும். காற்றின் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ். நீரின் வெப்பநிலையும் அதே அளவுதான். இருந்தும், கரையில் நடுங்காத நாம் நீரில் ஏன் நடுங்குகிறோம்?

காரணம் எளியது. நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் உடலின் வெப்பம் நீருக்குள் விரைவாகச் சென்றுவிடுகிறது. வெப்பமண்டலக் கடலில் முக்குளிப்பவர்கள்கூட மெல்லிய உடையொன்றை அணிவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால், பனிக்கட்டி உருகிய நீரில் முக்குளிப்பவர்களின் நிலை என்ன? ஐஸ்லாந்து நாட்டில் சில்ஃப்ரா என்னும் நீர்ப்பிளவு உள்ளது. வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் பகுதியில் அது அமைந்திருக்கிறது. பனியாறு உருகி வரும் நீர், எரிமலைப் பாறைகளின் ஊடே பல்லாண்டுகள் கசிந்து, வடிகட்டப்பட்டு அங்கு வந்து சேர்கிறது. அந்நீர் பளிங்குபோல் தெளிவானது. அதில் 100 மீட்டருக்கு அப்பாலும் பார்க்க முடியும். ஆனால், அதன் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிதான்! அந்த அழகைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் முக்குளிப்பாளர்கள் வருகிறார்கள்.

அவர்களைக் காப்பது உடையே. முக்குளிப்பு உடைகள் இருவகைப்படும். முதல்வகை ஈர உடை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், 1950களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன இவ்வுடைக்குள் சிறிதளவு நீர் புகும். அந்த நீர்தான் உடலைச் சூடாக வைக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக்குமிழிகளே வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. ஆயினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். குமிழிகள் சுருங்கும், உடை மெலியும், குளிர் கூடும்.

ஆகவே, சில்ஃப்ரா போன்ற இடங்களில் உலர் உடை பயன்படுகிறது. இதன் கழுத்துப்பகுதியும் மணிக்கட்டுப்பகுதியும் நீர் புகாதவாறு இறுக்கமாக மூடப்பட்டிருக்கும். உள்ளே கம்பளி போன்ற தடித்த ஆடைகளை அணியலாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தி ஆடை இதற்கு ஏற்றதன்று. ஆழம் செல்லச் செல்ல உடைக்குள் உள்ள காற்று சுருங்குவதால், ஒரு வால்வின்வழி சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்த வேண்டும். இதற்குத் தனிப்பயிற்சி தேவை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி இங்கு முற்றிலும் பொருந்தும்.

சிறந்த உடையை அணிந்தாலும் குளிர் மெல்ல மெல்ல உடலை ஊடுருவும். முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு, வால்வைத் திருகுவதும் கருவிகளைக் கையாள்வதும் கடினமாகும். உடலின் வெப்பம் மேலும் குறைந்தால் சிந்தனையும் மந்தமாகும். நீருக்கடியில் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இந்நிலையில், "நான் மட்டும் முதலில் மேலே போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்குவதே பெருந்தவறு. முக்குளிப்பாளர்களிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எக்காரணத்திற்காகவும் முக்குளிப்பை முடித்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும். கரையில் 'நன்று' என்பதைக் குறிக்கும் அதே சைகை, நீருக்கடியில் 'மேலே செல்வோம்' என்று பொருள்படும். அதைக் கண்டதும் உடன் வந்தவர் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார், கேலியும் செய்யமாட்டார். இருவரும் சேர்ந்தே மேலே செல்வர்.

மாணவர்களே, நடுக்கத்தை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது துணிவாகாது. தக்க முன்னேற்பாடுகளுடன் இறங்குவதும், "என்னால் இதற்குமேல் முடியாது" என்பதை உரிய நேரத்தில் சொல்வதுமே துணிவு. விளையாட்டுத் திடலிலும் தேர்வுக்காலத்திலும், அப்படிச் சொல்லும் நண்பரின் கையைப் பற்றி உடன் செல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?

சிந்தித்து விடையளிக்க

1. ஈர உடை ஆழத்தில் குளிரைத் தடுக்கும் ஆற்றலை இழப்பது ஏன்?
2. கட்டைவிரலை உயர்த்தும் சைகை கரையிலும் நீருக்கடியிலும் எவ்வாறு வேறுபடுகிறது?
3. உதவி கேட்கத் தயங்கும் நண்பருக்கு நீங்கள் என்ன கூறுவீர்கள்? உங்கள் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.