நெடுந்தூர ஓட்டமும் உள்ளத்து நோக்கமும்

நூறு மீற்றர் ஓடுவோனுக்கு, “யான் ஏன் ஓடுகின்றேன்?” என எண்ணுதற்கு அவகாசமில்லை, எண்ணத் தொடங்குமுன் ஓட்டம் முடிந்துவிடும். மரதன் ஓட்டமோ 42.195 கிலோமீற்றர் நீள்வது. உலகின் தலைசிறந்த வீரரும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தம் உள்ளத்தோடு தனித்திருத்தல் வேண்டும். அவ்வேளையில் அவ்வினா எழாதிருத்தல் அரிது. அதற்குத் தக்க விடையுடையோன் தொடர்ந்து ஓடுவான். இல்லாதோன் வழியில் நின்றுவிடுவான். அவ்விடையை எங்ஙனம் பெறுவது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பரிசொன்றே நோக்கமெனின் அது பலர்க்கும் பயன்படாது. வெற்றி மேடையில் இடமுள்ளோர் மூவரே. எஞ்சியோர்க்கு வேறொரு நோக்கம் வேண்டும். அது பலவகையாய் அமையலாம் என்பதை மூவர் வரலாறு காட்டும்.

முதலாமவர் அந்நாளைய செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த எமில் சாட்டோபெக். இவர் சிலின் நகரில் ஒரு பாதணித் தொழிற்சாலைத் தொழிலாளி. 1941ஆம் ஆண்டில் மேலோரின் கட்டாயத்தினால் விருப்பின்றியே ஓர் ஓட்டப் போட்டியிற் கலந்து, இரண்டாம் இடம் பெற்றார். விருப்பம் அதன் பின்னரே பிறந்தது. 400 மீற்றர் தூரத்தை விரைந்தும், இடையிடையே மெல்லவும், பன்முறை திரும்பத் திரும்ப ஓடிப் பயின்றார். 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார். மரதன் அவர் அதற்கு முன் ஓடியறியாத ஓட்டமாகும். நோக்கம் முன்னரே உள்ளத்தில் நிறைந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. செயலிலிருந்தும் அது முளைக்கும் என்பதே இவர் வாழ்வு கற்பிக்கும் பாடம்.

இரண்டாமவர் எதியோப்பியரான அபெபே பிக்கிலா. 1960ஆம் ஆண்டு உரோம் நகரில் வெறுங்காலுடன் மரதன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் முதல்வரானார். அவர் ஓடிய பாதையருகே, இத்தாலியர் 1937ஆம் ஆண்டில் எதியோப்பியாவிலிருந்து கவர்ந்து சென்ற அக்சும் கற்றூண் அன்று நின்றது. அத்தூணின் அயலிலேயே அவர் வேகத்தைக் கூட்டி எதிரியைப் பின்தள்ளினார். தன்னிலும் பெரிதாகிய நாட்டன்பு அவர்தம் கால்களுக்கு வலிமையாயிற்று.

மூன்றாமவர் எம் நாட்டவர். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்தா, ஏனையோர் எல்லாம் ஓடி முடித்த பின்னரும் தனியராய்ச் சுற்றிவந்தார். முதலில் எள்ளி நகைத்தோரும் உளர். அவர் நில்லாது ஓடுதலைக் கண்ட மக்கள் ஈற்றில் கரகோஷஞ் செய்து வாழ்த்தினர். கடைசியாய் வந்த அவர் வரலாறு யப்பானியச் சிறுவரின் பாடநூலிலும் இடம்பெற்றது. ஏற்ற கருமத்தை முடித்தல் வேண்டும் என்னும் கடமையுணர்வே அவர்தம் நோக்கம்.

இந்நோக்கத்தைப் பேணும் முறை யாது? திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஓட்டம் பயில்வோனுக்கு இவ்வரிசையே சிறந்த பாடத்திட்டமாகும்.

ஊக்கம் தொடக்கத்துக்கு உதவும். ஆயினும் அது நாள்தோறும் ஒரே அளவில் நிற்பதன்று. ஆதலின் வைகறையில் ஒரு நேரத்தைக் குறித்து, மனம் விரும்பினும் விரும்பாவிடினும் புறப்படுதல் வேண்டும், இது மடியின்மை. தொடக்கத்தில், உடன் வருவோனோடு உரையாடக்கூடிய வேகத்தில் ஓடுக. தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுக. ஓடிய தூரத்தையும் நேரத்தையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுக. நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுவோனுக்குப் போட்டியாளர் பிறர் வேண்டுவதில்லை. இது ஆள்வினை.

இடுக்கண் எப்பொழுது வரும்? தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள கிளைக்கோசன் என்னும் மாப்பொருள், மரதன் ஓடுவோர் பலர்க்கு 30 கிலோமீற்றர் அளவில் அருகிவிடும். கால்கள் கனக்கும், உள்ளம் சோரும். அந்நிலையில் எஞ்சிய தூரம் முழுவதையும் எண்ணாது, அடுத்த மரத்தையோ மதகையோ குறியாகக் கொள்வது நன்று. ஆயினும் களைப்பு வேறு, காயம் வேறு. மூட்டில் கூரிய நோவோ, மார்பில் வலியோ, தலைச்சுற்றோ தோன்றின் உடனே நிற்றலே அறிவு. எம் நாட்டு வெயிலில் நீரருந்தாது ஓடுதலும் வீரமன்று. நடுத்தர வயதினரான பழைய மாணவர் வைத்தியரின் ஆலோசனை பெற்றே தொடங்குதல் வேண்டும்.

வெல்ல இயலாதென்று விளையாட்டையே கைவிடும் மாணவர் எத்துணையர்! அவர்க்கு ஒன்று கூறுவாம்: முதல்வனாதல் சிலர்க்கே வாய்க்கும்; தொடங்கியதை முடித்தல் முயல்வார் பலர்க்கும் வாய்க்கும். இல்லங்களுக்கிடையிலான மரதன் ஓட்டத்தில் முதல்வன் வந்ததும் மைதானத்தை விட்டகலாது, இறுதி மாணவன் வரும்வரை நின்று கைதட்டும் வழக்கத்தைக் கல்லூரிகள் பேணுமாயின், அவன் மறுநாட் காலையும் ஓடப் புறப்படுவான். பரீட்சையும் தொழிலும் குடும்பமும் ஆகிய நெடிய ஓட்டங்களிலும் அப்பழக்கம் அவனுக்குத் துணை நிற்கும்.