சேற்று நிறக் கடல்
திருவாரூரின் இளம் ஓவியருக்கு ஒரு கடிதம்



ஆயில் கலரில் கடலைத் தீட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது நீல டியூப். திருவாரூரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நாகப்பட்டினம் கடற்கரை. அங்கே போய் நின்றால் பெரும்பாலான நாட்களில் அந்த நீலம் கண்ணில் படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டாறும் கடுவையாறும் வயல் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து சேரும்போது, கரையோரத் தண்ணீர் பால் குறைந்த டீயின் நிறத்தில் கிடக்கும். கோடையில் சாம்பல் கலந்த பச்சை. உச்சி வெயிலில் ஈயத் தகடு. போனில் இறக்கிய படத்தைப் பார்த்துத் தீட்டினால் வருவது வேறு எவர் ஊர்க் கடலோ. காவிரி டெல்டாவின் கடலுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. அதைத் தீட்ட ஆள் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கடலோவியம் என்றதும் உலகம் சொல்லும் பெயர்களில் ஒன்று இவான் ஐவசோவ்ஸ்கி. கருங்கடலோரத்து ஃபியோதோசியாவில், ஆர்மீனிய வணிகக் குடும்பம் ஒன்றில் 1817இல் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் படித்து, இத்தாலியில் பேர் வாங்கி, ரஷ்யக் கடற்படையின் ஓவியராகவும் ஆனபிறகு, தலைநகரில் தங்காமல் பிறந்த ஊருக்கே திரும்பி வீடு கட்டிக்கொண்டார். ஏறத்தாழ 6,000 ஓவியங்கள் தீட்டினார். அவற்றில் பெரும்புகழ் பெற்ற 'ஒன்பதாம் அலை' 1850இல் வந்தது. உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு சில மனிதர்கள், அவர்களுக்கு மேலே எழும்பும் அலை, அலையின் மெலிந்த உச்சியை ஊடுருவி வரும் காலை வெளிச்சம்.

இந்த மனிதர் கரையில் ஈஸலை நட்டு அலையைப் பார்த்துப் பார்த்துத் தீட்டவில்லை. மின்னலையும் காற்று வீச்சையும் அலைத் தெறிப்பையும் எதிரே நின்று வரைய முடியாது, பார்த்ததை மனத்தில் வாங்கி அறைக்குள் வந்துதான் தீட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. வெளியே எடுத்ததெல்லாம் பென்சில் குறிப்புகள். 'அலைகளின் நடுவே' என்ற படத்தை 1898இல், எண்பது வயதைத் தாண்டியபிறகு தீட்டினார். நாலேகால் மீட்டருக்கும் மேல் அகலமான கான்வாஸ். பத்தே நாளில் முடித்தார் என்பார்கள். பத்து நாள் கை வேலைக்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கண் வேலை இருந்தது.

அப்படிப் பார்க்கப் பழகு. போட்டோவில் அலை நின்றுவிடும். நின்ற அலையைப் பிரதி எடுத்தால் கண்ணாடிப் பொம்மைதான் மிஞ்சும். நடுக்கடலில் அலை முன்னே வருகிறது, தண்ணீர் வருவதில்லை. அது இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. தரை மேடாகும்போது அலையின் கால் தட்டுகிறது, தலை முந்துகிறது. ஆழம் ஏறக்குறைய அலை உயரத்தின் ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் அது உடைகிறது. ஆகவே எங்கே வெள்ளை நுரை வைக்கிறாயோ அங்கே கடல் எத்தனை ஆழம் என்று சொல்லிவிட்டாய். தப்பாக வைத்தால் விமர்சகர் கவனிக்காமல் போகலாம். நாகை அக்கரைப்பேட்டை மீனவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கோடியக்கரையில் கரை மடங்குகிறது. அதற்கு வடக்கே வங்கக்கடலின் நேர் அலை. மேற்கே திரும்பினால் பாக் நீரிணை, ஆழம் குறைந்த சேற்றுக் கடல். உன் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற முத்துப்பேட்டைக் காயலில் அலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. அங்குள்ள காட்டுக்கு அலையாத்தி என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பாமணியாறும் கோரையாறும் வந்து கலக்கும் அந்தத் தட்டை நீரில் வானம் முழுசாக இறங்கிக் கிடக்கும். படமெங்கும் கிடைக்கோடுகள். புயலைத் தீட்டி வியக்க வைத்துவிடலாம். இந்த அசையாத நீரில் தூரம் காட்டுவதற்குத்தான் கை தேற வேண்டும். முதல் இரண்டு வருடம் அங்கே செலவானால் நல்லது.

டெல்டாவில் யதார்த்த ஓவியம் எடுபடுமா என்று சந்தேகம் வரும்போது ஓவியர் இளையராஜாவை நினைத்துக்கொள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர். கதவோரத்திலும் அடுப்படியிலும் நிற்கும் நம் வீட்டுப் பெண்களை, அவர்கள் தோளில் விழும் வெளிச்சத்தோடு ஆயில் கலரில் தீட்டினார். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது நாற்பதைச் சற்றே கடந்திருந்தார். அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. புழங்கிய வீட்டையே அவர் எடுத்துக்கொண்டார். உனக்குப் புழங்கிய கடல் இருக்கிறது.

கடலைத் தீட்டக் கடல் மட்டும் போதாது. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊருக்குப் போய், மறு ஆண்டு வரை அங்கேயே தங்கினார். வலை சுமக்கும் பெண்களும் கரையில் காத்து நிற்கும் முகங்களும் அதன்பின் அவர் கடலுக்குள் கனமாக வந்து அமர்ந்தன. நீயும் தங்கு. ஃபைபர் படகு தண்ணீரில் எவ்வளவு அமிழும், கட்டுமரம் எவ்வளவு அமிழும், வாடைக் காற்றில் எது எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள். ஒன்று மறக்காதே: 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வீடுகளில் பெரிய அலை என்றால் அந்தக் காலைதான். அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் பேரலை எதையும் தீட்டாதே.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அடிப்பூச்சில் டர்பன்டைன் கூடுதலாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும். மாற்றிச் செய்தால் சில வருடத்தில் வெடிப்பு விடும். ஜிங்க் வெள்ளை நாள்பட நொறுங்கும். நுரைக்கு டைட்டானியம் போதும், அதுவும் கடைசியில். மழைக்காலத்தில் கான்வாஸை ஈரச் சுவரில் சாய்க்காதே, முதுகில் பூசணம் பிடிக்கும். நம் கடலுக்கு அல்ட்ராமரைனைவிட ரா அம்பரும் யெல்லோ ஆக்கரும்தான் சீக்கிரம் தீரும்.

சோற்றுக்கு என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் நிமிர்ந்தார்கள். வயிற்றை அது பார்த்துக்கொண்டதால், வாங்குபவருக்காக ஓவியத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. ஏதேனும் ஒரு கைத்தொழிலை நீயும் வைத்துக்கொள்.

அதோடு, உன் ஊர்த் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தைப் போய்ப் பார். காலையில், கழுத்து வலிக்கும் வரை. முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தீட்டி, காட்சிகளுக்குக் கீழே தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். சிங்காதனம் என்ற ஓவியரின் பெயரும் அங்கே இருக்கிறது. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் மார்பில், அவர் மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கு ஆடியவர் தியாகராஜர் என்பது அந்தக் கதை. கடலின் அசைவை இந்த ஊர் மூச்சாகவே நினைத்திருக்கிறது.

வருகிற ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கிய மறுநாள் ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தில் நின்று, கீழே போகும் தண்ணீரின் நிறத்தைச் சின்ன அட்டை ஒன்றில் கலந்து பூசி வை. அதே ஆறு நாகையில் கடுவையாறு என்ற பெயரில் கடலில் சேர்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போ. கரையிலிருந்து எத்தனை தூரம் வரை அந்த நிறம் கடலுக்குள் நிற்கிறது, எந்தக் கோட்டில் பச்சையாகிறது என்று பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டு வா.