அழாத குழந்தை பழகிவிட்டதா?

கேள்வி: நானும் என் கணவரும் கனடாவின் எட்மண்டன் நகரில் வசிக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு தத்தெடுப்பு மையத்திலிருந்து ஒன்பது மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து, டிசம்பர் கடைசியில் இங்கே கூட்டிவந்தோம். வந்த நாளிலிருந்து அவள் அழுவதே இல்லை. யார் கை நீட்டினாலும் போகிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "சமத்து, அதற்குள் பழகிவிட்டாள்" என்கிறார். ஆனால் நான் மார்போடு அணைத்தால் வில்லாக வளைந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா?
— ஒரு வாசகி, எட்மண்டன்

பதில்: குழந்தையின் அழுகையை எப்படி நிறுத்துவது என்று கேட்டு எழுதுபவர்கள் ஏராளம். அழவில்லையே என்று கவலைப்பட்டு எழுதுபவர்கள் அபூர்வம். சரியான இடத்தில்தான் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது.

ஒன்பது மாதக் குழந்தைக்கு என்ன தெரியும், பாலும் கதகதப்பும் கிடைத்தால் யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஏழெட்டு மாதத்திலேயே குழந்தைக்கு 'என் ஆள்' யார் என்பது தெரிந்துவிடும். கண்ணுக்கு மறைந்த பொருளும் ஆளும் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்கள் என்று புரியத் தொடங்கும் வயதும் இதுதான். 'பொருள் நிலைப்பு' என்று இதைச் சொல்வார்கள். ஆகவே உங்கள் மகளை மையத்தில் குளிப்பாட்டிய ஆயாம்மா அவள் மனத்தில் இன்னும் இருக்கிறார், கண்ணெதிரேதான் இல்லை. அவருடைய குரல், சேலை வாசனை, மின்விசிறிச் சத்தம், வியர்வை, பகல் வெளிச்சம் எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் போய்விட்டன.

அப்படியென்றால் அழவேண்டுமே என்பீர்கள். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய படம். பெற்றோர் எப்போதாவது வந்து பார்த்துப் போகலாம் என்பதே அன்றைய வழக்கம். பிரிந்த குழந்தைகள் மூன்று கட்டங்களைக் கடப்பதை அவரும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் விவரித்தார்கள். முதலில் எதிர்ப்பு: கத்தி அழுவது. அடுத்து நம்பிக்கையிழப்பு: சோர்ந்து ஒடுங்குவது. கடைசியில் விலகல்: யாரைப் பார்த்தாலும் சிரிப்பது, யாரிடமும் போவது. இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் மருத்துவமனையில் இருந்தவர்கள் 'குழந்தை பழகிவிட்டது' என்று நம்பினார்கள். உங்கள் அம்மா சொல்வதும் அதுவே. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற தாதியருக்கே அப்படித்தான் தோன்றியது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். ஷிஃப்ட் முறையில் ஆட்கள் மாறும் இடத்தில், ஒருவர் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்போது, ஒவ்வோர் அழுகைக்கும் ஓடிவர முடியாது. அழுதும் ஆள் வராத குழந்தை அழுவதைக் குறைத்துக்கொள்ளும். ருமேனியாவின் பெரிய அனாதை விடுதிகளுக்குப் போன ஆய்வாளர்களை உலுக்கியது, குழந்தைகள் நிறைந்த அறைகளில் இருந்த அமைதி. 2000-இல் அந்நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு, விடுதிக் குழந்தைகள் 136 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பாதியைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் வளரவிட்டு ஒப்பிட்டது. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். உங்கள் மகளுக்கு ஒன்பது மாதம்தான். நான் நம்பிக்கையோடு எழுதுவது அதனால்தான்.

வளைந்து விலகுவதற்கு வருவோம். படுக்கவைத்தே பால் புகட்டிப் பழகிய குழந்தைக்கு இறுக்கமான அணைப்பு புதிது, கொஞ்சம் மிரட்டலும்கூட. அதோடு எட்மண்டன் குளிரில் அவளுக்கும் உங்களுக்கும் இடையே எத்தனை அடுக்குத் துணி! வீட்டுக்குள் வெப்பம் போதுமான அளவு இருக்கும்போது அவளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் துணி அதிகம். மெல்லிய பருத்திச் சட்டையோடு, முகம் வெளியே பார்க்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோளோடு தோள், கையோடு கை தொட்டுப் பழகட்டும். அவள் முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், சற்றுப் பொறுத்து அவளே திரும்பிப் பார்ப்பாள். பார்த்த கணத்தில் நீங்கள் அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரவு விழிப்புக்கு விளக்கம் எளிது. குளிர்காலத்தில் எட்மண்டனுக்கும் தமிழ்நாட்டுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். ஏறக்குறைய அவளுடைய பகல் உங்கள் இரவு. உடற்கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். அதுவோ அங்கே டிசம்பரில் ஏழரை மணி நேரம்தான். விடிந்ததும் திரையை விலக்கிச் சன்னலோரம் உட்காருங்கள். இரவில் விளக்கை மங்கலாக்குங்கள். விழித்தால் பேசாமல் பக்கத்தில் இருங்கள், விளையாட்டு வேண்டாம்.

உங்களைப் பிடிப்பது பிடிக்காதது இதில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? 'பற்றுறவு' என்று உளவியல் சொல்வது, பயந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்ற உறுதி. முதல் பார்வையிலேயே வந்துவிடுவதில்லை. குழந்தை சிணுங்குகிறது, ஒருவர் வருகிறார். பசிக்கிறது, அதே ஒருவர் புகட்டுகிறார். இது ஆயிரம் முறை நடந்தால் வரும். வருபவர் ஒருவராகவோ இருவராகவோ இருக்கவேண்டும் என்பது முக்கியம்.

இங்கேதான் குளிர் உங்கள் பக்கம் நிற்கிறது. வெளியே மைனஸ் இருபதில் எவர் வீட்டுக்கும் போகவேண்டாம், எவரும் சட்டென்று வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். ஊரில் என்றால் இந்நேரம் அவள் தெருவே சுற்றி வந்திருப்பாள். முதல் சில வாரங்களுக்குப் பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது மூன்றையும் நீங்களும் கணவரும் மட்டுமே செய்யுங்கள். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். பேத்தியைத் தூக்காதே என்றா சொல்வது? அப்படிச் சொல்லவேண்டாம். சமையலையும் வீட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, "அவள் என்னை அம்மா என்று அறியும்வரை எனக்குத் துணை இருங்கள்" என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாடலாம், கதை சொல்லலாம். மையத்தில் அவள் கேட்டு வளர்ந்த தமிழ் அந்த வீட்டில் அவருடைய குரலில் ஒலிப்பது பெரிய உதவி.

மையத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: என்ன எண்ணெய் தேய்ப்பார்கள், எந்த சோப்பு, எப்படித் தூங்கவைப்பார்கள், என்ன பாட்டு? தேங்காய் எண்ணெய் என்றால் தினமும் ஒரு முறை, அவசரமில்லாமல் உடம்பெல்லாம் தேய்த்துவிடுங்கள். ஹீட்டரின் வறண்ட காற்றுக்குத் தோல் வெடிக்காது, தொடுதலுக்கும் ஒரு நேரம் கிடைக்கும், தெரிந்த வாசனையும் திரும்பி வரும். 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும், வெந்நீரில் பாட்டிலை வைத்தெடுங்கள். பகலில் துண்டால் முகத்தை மூடி 'காணோம்... இதோ!' விளையாடுங்கள். போனவர் திரும்பி வருவார் என்பதை அவளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வெளியே போகத்தான் வேண்டுமென்றால் ஒரு விஷயம்: காரில் குழந்தை இருக்கையில் தடித்த கோட்டோடு உட்காரவைக்காதீர்கள். பட்டை தொளதொளத்துப் போகும். பட்டையை இறுக்கிப் பூட்டிவிட்டு, மேலே போர்வை போடுங்கள்.

ஒருநாள் நீங்கள் குளியலறைக்குப் போகும்போது அவள் வீறிட்டு அழுவாள். புதியவரைக் கண்டு உங்கள் தோளில் முகத்தைப் புதைப்பாள். அன்று வீட்டில் எல்லோரும் "ஐயோ, இவ்வளவு நாள் சமத்தாக இருந்தாளே" என்பார்கள். நீங்கள் எங்களுக்கு இனிப்புச் செய்தி அனுப்புங்கள். அது வாரங்களில் வரலாம், மாதங்களும் ஆகலாம்.

உங்களுக்கே தாய் என்ற உணர்வு இன்னும் ஊறவில்லை என்றால் அதுவும் இயல்பே, குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் இருண்ட குளிர்காலத்தில் தூக்கமின்மையும் சேர்ந்து எதிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும்.

குழந்தை மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். வெயில் படாத மாதங்களில் வைட்டமின் டி எவ்வளவு கொடுப்பது, செவித்திறன் பரிசோதனை எப்போது. அழாத, பெயர் சொன்னால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. தத்தெடுப்புக்குப் பின் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கண்காணிப்பு அறிக்கை எழுத உங்கள் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வருவார். அவரிடம் எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். எனக்கு எழுதிய இதே கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.